கீச்சிடும் பெல்ட்: காரணம் தெரிந்த பிறகு காசு கொடுங்கள்

மழை விட்ட காலையில் காரை ஸ்டார்ட் செய்கிறோம். தெருவே திரும்பிப் பார்க்கும்படி பானட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சல் எழுந்து, அரை நிமிடத்தில் தானாக அடங்குகிறது. அடங்கிவிட்டதாலேயே அதை மறந்துவிடுகிறோம். மறக்காத சிலர் பெல்ட்டில் மெழுகுவத்தியைத் தேய்க்கிறார்கள், பவுடர் போடுகிறார்கள், அல்லது இதற்கென்றே கடையில் விற்கும் ஸ்ப்ரேயை வாங்கி அடிக்கிறார்கள். சத்தம் நின்றுவிடும். ஆனால் ஸ்ப்ரேயின் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, பெல்ட்டின் பள்ளங்கள் அடைபட்டு, சில நாளில் முன்பைவிடப் பலமாகக் கத்தும். பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், காரணத்தைத் தேடாமல் பெல்ட்டை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். இல்லையென்றால் தேவையே இல்லாத நாலைந்து பாகங்களையும் சேர்த்து மாற்றி பில் போடுவார்கள். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான். இதிலிருந்து தப்பிக்க மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பட்டறையில் ஃபேன் பெல்ட் என்று சொல்லப்படும் இந்த பெல்ட், எஞ்சினின் கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியை எடுத்து டைனமோவையும் ஏசி கம்ப்ரஸரையும் ஓட்டுகிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள கார் என்றால் அதன் பம்பும், பல எஞ்சின்களில் வாட்டர் பம்பும் இதன் பொறுப்பு. ஸ்மார்ட் ஹைபிரிட் கார்களில் சிக்னலில் அணைந்த எஞ்சினை மீண்டும் எழுப்புவதும் இதே பெல்ட்தான். ஸ்டார்ட் செய்ததில் பேட்டரி இழந்த சார்ஜை ஈடுகட்ட, முதல் சில நிமிடங்கள் டைனமோவுக்கு வேலை அதிகம். அந்த நேரம் பெல்ட் ஈரமாகவோ தளர்ந்தோ இருந்தால் புல்லியின் மேல் வழுக்கிக் கத்துகிறது. ஏசி போட்டதும், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்ததும் கத்துவதற்கும் இதே காரணம்தான். கொட்டும் மழைக்குப் பிறகு என்றாவது ஒரு நாள் கத்தி அடங்கினால் கவலை வேண்டாம். காய்ந்த நாளிலும் தினமும் கத்தினால் தள்ளிப்போடக் கூடாது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? வழுக்கும் பெல்ட் சூடாகித் தேய்ந்து ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்ததும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். அது பூட்டிக்கொள்ளாது, இரு கையாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும். இது தெரியாதவர்கள் பைபாஸில் பதறிப்போகிறார்கள். பேட்டரியின் மிச்ச சார்ஜில் கார் கொஞ்ச தூரம் ஓடும் என்றாலும், இரவில் ஹெட்லைட் போட்டிருந்தால் அந்தத் தூரமும் குறைந்துவிடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் எஞ்சினில் ஆபத்து இன்னும் பெரிது. டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கிய பிறகும் “வீடு பக்கம்தானே” என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். ஒரு பெல்ட்டின் விலையோடு முடிந்திருக்க வேண்டியது எஞ்சின் வேலையில் போய் நிற்கும். முள் ஏறுவது தெரிந்ததும் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் சாதாரணத் தண்ணீரும் போதும். கீச்சல் வரும் நேரத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, தள்ளி நின்று, பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். வேட்டி, துப்பட்டா, தொங்கும் செயின், அவிழ்ந்த கூந்தல் எதுவும் எஞ்சின் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுழலும். தண்ணீர் பட்டதும் சத்தம் அதிகமானால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். தளர்ந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம், டென்ஷனர் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. அப்படிப்பட்ட சத்தம் நீண்ட கீச்சலாக இல்லாமல் குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு வரும். புது பெல்ட் போட்ட மறுநாளே சத்தம் வந்தால், பெல்ட் புல்லியில் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரால் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் சந்தேகம் பேரிங் பக்கம் போகிறது. இதற்கு பெல்ட்டைக் கழற்றிவிட்டு டைனமோ, ஐட்லர், டென்ஷனர் புல்லிகளை மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நல்ல பேரிங் ஓசையின்றி வழுவழுவென்று சுற்றும். போன பேரிங் சுற்றும்போது உள்ளே மணல் அரைபடுவது விரலுக்கே தெரியும். அவர் சுற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். நீங்களும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். டீசல் கார்களில் டைனமோ புல்லியே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் வகையாக இருப்பதுண்டு. அது பழுதானால் ஐடிலில் டென்ஷனர் கை உதறிக்கொண்டே இருக்கும். எத்தனை பெல்ட் மாற்றினாலும் தீராது.

“பெல்ட்ல வெடிப்பே இல்ல சார், நல்லா இருக்கு” என்று சொன்னால் அதை அப்படியே ஏற்காதீர்கள். பழைய நியோப்ரீன் ரப்பர் முதுமையில் வெடிக்கும். இப்போது பெரும்பாலும் வரும் இ.பி.டி.எம். ரப்பர் வெடிக்காமலே தேய்கிறது. பள்ளங்கள் அகன்று, பெல்ட் புல்லியின் அடிவரை இறங்கிப் பிடி இழக்கிறது. இதை அளக்கச் சிறிய பிளாஸ்டிக் கேஜ் இருக்கிறது. எண்ணெயோ கூலண்டோ ஒழுகி பெல்ட் நனைந்திருந்தால், ஒழுக்கை அடைத்த பிறகுதான் புது பெல்ட் போட வேண்டும். இல்லையென்றால் புதியதும் அதே கதிதான். “இன்னும் கொஞ்சம் டைட் வைங்க” என்று நாமே வற்புறுத்துவதும் தவறு. அளவுக்கு மீறி இறுக்கினால் சத்தம் நிற்கும், டைனமோ, வாட்டர் பம்ப் பேரிங்குகள் தேயும். ஆட்டோமேட்டிக் டென்ஷனர் உள்ள காரில் இறுக்குவதற்கே இடமில்லை. அது சோர்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இனி பணம். ஜாப் கார்டில் எழுதும் ஒரு வரியில்தான் பாதி உரிமை இருக்கிறது என்பேன். “பெல்ட் மாற்றவும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், பெல்ட்டை மாற்றியதோடு அவர்கள் கடமை முடிந்தது. சத்தம் தொடர்ந்தால் நாம் கேள்வி கேட்க முடியாது. “காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச் சத்தம், ஏசி போட்டால் அதிகம், காரணம் கண்டறிந்து சரிசெய்யவும்” என்று எழுத வையுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, வாங்குங்கள். என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். நாளை வழக்கு என்று வந்தால் அவைதான் சாட்சி.

கீச்சலைக் காட்டி டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொல்வதுண்டு. அது பற்களில் மாட்டி ஓடுவது. இப்படி வழுக்கிக் கத்தாது. மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின் போலப் பலவற்றில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின்தான். காரின் கையேட்டைப் புரட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பாகத்தின் அட்டைப் பெட்டியையும் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். பெல்ட்டின் முதுகில் 6பிகே1080 என்பதுபோல் அச்சிட்டிருக்கும்: 6 வரி, 1080 மில்லிமீட்டர் நீளம். பழையதிலும் புதியதிலும் இது ஒன்றாக இருக்க வேண்டும். கார் கம்பெனி பெட்டியில் வந்தால்தான் ஒரிஜினல் என்பதில்லை. மதுரையில் பெல்ட் தயாரிக்கும் ஃபென்னர் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் பெல்ட்டை நம்பகமான கடையில் பில்லோடு வாங்கிக் கொடுக்கலாம்.

வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளியே நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்காடின. ஆகவே வாரண்டி காலத்தில் சத்தம் வந்தால் முதலில் கம்பெனி சர்வீஸில் எழுத்தில் பதிவு செய்வதே பாதுகாப்பு. பெல்ட் தேய்மானப் பொருள் என்று மறுப்பார்கள். டென்ஷனரும் டைனமோவும் அப்படியல்ல. எதனால் மறுக்கிறார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தகராறான தொகையைக் கட்டினால்தான் காரை விடுவோம் என்று நிறுத்தி வைத்தால், பில்லிலேயே “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, என்ன குறை என்று அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அங்கும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். குறை நிரூபணமானால் பணத்தைத் திருப்பித் தரவும், சேதத்துக்கும் அலைச்சலுக்கும் இழப்பீடு தரவும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.