ஆணாக இருந்து பெண்ணாக மாறும் கொடுவா

"சிறிய மீனை விட்டுவிடு, பெரிய மீனைப் பிடி" என்றுதான் மீன்வளப் பாதுகாப்பைப் பற்றி வகுப்பில் சொல்வோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். கொடுவாவைப் பற்றிப் படித்தபின் அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவைத்தான் ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்கிறார்கள். தூண்டிலில் சிக்கினால் நீருக்கு மேலே துள்ளிப் போராடும் என்பதால், வட ஆஸ்திரேலியாவின் தூண்டில்காரர்களுக்கு இதன்மேல் தனி மோகம்.

ஆற்று முகத்துவாரத்தின் உப்பு நீரில்தான் இது முட்டையிடும். குஞ்சுகள் அலையாத்திக் காடுகளிலும் சதுப்புகளிலும் வளரும். பல மீன்கள் ஆற்றில் மேலேறி நன்னீருக்குப் போய்விடும். மூன்று முதல் ஐந்து வயதில் ஆணாக முதிர்ந்து, முகத்துவாரத்துக்குத் திரும்பி வரும். வியப்பு இனிமேல்தான். மேலும் சில ஆண்டுகள் வளர்ந்தபின், பெரும்பாலான ஆண் மீன்கள் பெண்ணாக மாறிவிடுகின்றன. ஆகவே மிகப் பெரிய மீன்கள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். மீன் பெரிதாகப் பெரிதாக முட்டைகளும் பெருகும். பெரிய பெண் மீன் கோடிக்கணக்கில் முட்டையிடக்கூடியது.

பெரியவற்றை மட்டும் பிடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஆற்றில் ஆண்கள் இருக்கும். முட்டையிடத் தாய் இருக்காது.

இதனால்தான் குயின்ஸ்லாந்து மாநிலம் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. 58 செ.மீ.க்குக் குறைந்த மீனையும் 120 செ.மீ.க்கு மேற்பட்ட மீனையும் பொதுவாக நீரில் விட்டுவிட வேண்டும். கீழ் எல்லை, மீன் ஒருமுறையாவது இனப்பெருக்கம் செய்ய வாய்ப்புத் தருகிறது. மேல் எல்லை தாய்மீனைக் காக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில், அதன் கிழக்குக் கடற்கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை பிடிக்கத் தடையும் உண்டு. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதை மாணவர்கள் அறிவார்கள். அதோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். சட்டம் மட்டும் போதாது. ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டினால் மீன் ஏறவும் இறங்கவும் வழி அடைபடும். அங்கே மீன்வழி அமைக்க வேண்டும்.

வகுப்பில் கரும்பலகையில் 50, 90, 125 செ.மீ. நீளக் கோடுகளை வரைந்து, "எதை வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டேன். 90 என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "அதுவும் பெண்ணாக இருக்கலாமே, சார்?" என்றாள். இருக்கலாம். அதனால்தான் நீள எல்லையோடு, ஒருவர் எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்ற வரம்பும் அங்கே இருக்கிறது.