ஒரே கம்பியில் பேசும் பல மூளைகள்!

சென்னைக்கு மேற்கே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். இன்று அது கார்கள் பிறக்கும் ஊராகவும் இருக்கிறது!

பக்கத்திலே இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998-ம் ஆண்டு ஹூண்டாய் கம்பெனி கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் கார் ஆலை வந்தது. 2012-ல் பாரத் பென்ஸ் லாரி ஆலை வந்தது.

இந்தக் காலத்து வண்டிக்குள் ஒரு மூளை அல்ல. பல மூளைகள் இருக்கின்றன. என்ஜினுக்கு ஒரு சிறு கம்ப்யூட்டர். பிரேக்குக்கு ஒன்று. கதவுக்கு ஒன்று. காற்றுப்பைக்கு ஒன்று.

ஒவ்வொன்றும் மற்றதோடு பேச வேண்டும். தனித்தனியே கம்பி இழுத்தால் என்ன ஆகும்? கார் முழுவதும் கம்பிதான் இருக்கும்!

போஷ் கண்ட வழி

இதற்கு ஜெர்மனியின் போஷ் கம்பெனி வழி கண்டது. முறுக்கிய இரண்டு கம்பிகள். எல்லா மூளைகளும் அதிலேயே பேசும். இதற்குக் "கான்" என்று பெயர். 1986-ம் ஆண்டு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த என்ஜினீயர்கள் மாநாட்டில் இதை அறிவித்தார்கள்.

யாருக்கு முதல் இடம்?

கார் எதிலோ மோதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மோதல்! பெட்ரோலை நிறுத்து! கதவைத் திற!" என்று காற்றுப்பையின் மூளை கத்துகிறது. பல கார்களில் இந்தச் செய்தி கம்பி வழியாகத்தான் போகும். அதே நொடியில், "உள்ளே குளிர் போதுமா?" என்று ஏ.சி. மூளையும் பேசுகிறது. யார் பேச்சு எடுபடும்?

ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறியதானால் மதிப்பு பெரிது! கார் செய்யும்போதே என்ஜினீயர்கள் எண் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு மூளைகளும் தங்கள் எண்ணைச் சொல்லத் தொடங்கும். சொல்லிக்கொண்டே கம்பியைக் கவனிக்கும். "என்னை விடச் சிறிய எண் வருகிறது" என்று தெரிந்ததும், பெரிய எண் வாயை மூடிக்கொள்ளும். அவசரச் செய்தி ஒரு துளியும் கெடாமல் போய்ச் சேரும். கல்யாண வீட்டில் பெரியவர் பேசினால் சின்னவர்கள் நிறுத்திக்கொள்வது போல!

ஏற்கெனவே ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தால்? அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். நொடிக்கு 5 லட்சம் துளி ஓடும் கம்பியில், அந்தக் காத்திருப்பு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தன்னைத் தானே தள்ளிவைக்கும்!

ஒரு மூளை பழுதாகி உளறினால், எல்லோருடைய பேச்சும் கெடுமே? அதற்கும் தண்டனை உண்டு.

செய்தி கெட்டது தெரிந்ததும் எல்லா மூளைகளும் அதை எறிந்துவிடும். அனுப்பிய மூளை மறுபடி அனுப்ப வேண்டும். தன் குற்றக் கணக்கில் அதுவே 8 ஏற்றிக்கொள்ளும். சரியாக அனுப்பினால் 1 குறையும். கணக்கு 256-ஐ எட்டினால், அது கம்பியை விட்டே விலகிக்கொள்ளும்!

தொடர்ந்து 32 முறை கெட்டுப்போனால் இந்தக் கதிதான். ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் வேலை நிற்காது.

கணக்கில் வந்த பிழை

எண் பெரிய செய்தி, முறை வராமலே கிடந்துவிடக் கூடாது அல்லவா? ஒரு செய்தி அதிகம் போனால் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? 1994-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உலகமே அதை ஏற்றது.

2007-ல் அந்தக் கணக்கிலே பிழை இருப்பதை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எடுத்துக் காட்டித் திருத்தியது. திருத்தியவர்களில் ஒருவரான ஆலன் பர்ன்ஸ், பழைய கணக்கைப் போட்டவர்களிலும் ஒருவர்! தம் பிழையைத் தாமே ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை.

விளக்கை மதியுங்கள்!

ஒரு மூளை விலகினால், ஓட்டுநருக்கு முன்னால் மஞ்சள் விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். "வண்டிதான் ஓடுகிறதே!" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. மற்ற மூளைகள் சமாளிக்கின்றன, பழுது தீரவில்லை.

மஞ்சள் எரிந்தால் தாமதம் இல்லாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சிவப்பு எரிந்தால் ஓரமாக வண்டியை நிறுத்துங்கள்.

கம்பி தன் கடமையைச் செய்துவிட்டது. மீதி நம் கையில்!