கோட்டைகளும் கார்த் தொழிற்சாலைகளும்

ஐரோப்பாவிற் பயணஞ் செய்வோருள் கோட்டைகளைக் காண விரும்புவோர் பலர். மோட்டார்க் கார்கள் உருவாகும் தொழிற்சாலைகளைக் காண விரும்புவோர் சிலர். முன்னையோர் பழமையை நாடுவோர் என்றும், பின்னையோர் புதுமையை நாடுவோர் என்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். ஆயின், தென் ஜேர்மனியிற் காரில் ஒரு வாரம் சுற்றிவருபவருக்கு இப்பிரிவு அத்துணை உறுதியானதன்று என்பது விரைவிற் புலனாகும்.

1886ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு சனவரி 29ஆம் நாள், மன்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்ஸ் என்பார் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதே ஆண்டு யூன் 13ஆம் நாள் பவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக் ஸ்டார்ன்பேர்க் ஏரியில் இறந்தான். அவன் கட்டி முடிக்காது விட்டுச்சென்ற நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, ஓகஸ்டு முதலாம் நாள் கட்டணஞ் செலுத்தும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கார் பிறந்ததும், அக்கோட்டை அரசனின் தனிச்சொத்தாக இருந்த நிலை நீங்கியதும் ஓராண்டிலேயே நிகழ்ந்தன.

இத்தகைய பயணத்தை மன்ஹைமில் தொடங்குவதே பொருத்தம். பென்ஸின் மனைவி பேர்த்தா தமது சீதனப் பணத்தைக் கணவரின் பட்டறையில் முதலிட்டவர். வண்டியோ விலைபோகவில்லை, குதிரையின்றி ஓடும் ஊர்தியை மக்கள் நம்பவில்லை. 1888ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஒருநாட் காலை, கணவருக்கு அறிவியாமல், இரு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ஸ்ஹைமில் இருந்த தம் தாய்வீட்டுக்கு அவர் புறப்பட்டார். வழியில் எரிபொருள் குறைந்தது. வீஸ்லொக் என்னும் சிற்றூரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். அடைபட்ட குழாயைத் தொப்பி ஊசியாற் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த தடைக்கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக்கொண்டு தோல் அடிப்பித்தார். காரில் மேற்கொள்ளப்பட்ட முதலாவது நெடும்பயணம் இதுவே எனப் போற்றப்படுகின்றது. அவர் சென்று திரும்பிய வழி இன்று அவர் பெயரால் அடையாளப் பலகைகளுடன் விளங்குகின்றது. அவ்வழியிலேயே ஹைடல்பேர்க் நகரமும் உள்ளது. அங்கே குன்றின்மீது நிற்கும் செந்நிறக் கோட்டை, 1689ஆம், 1693ஆம் ஆண்டுகளிற் பிரெஞ்சுப் படைகளால் அழிவுற்று, 1764இல் இடியாலும் தாக்குண்டு, இடிபாடாகவே எஞ்சியுள்ளது.

இனி, திட்டமிடும் முறையைக் கவனிப்போம். தொழிற்சாலைகள் வார நாட்களிலேயே முழுமையாக இயங்குகின்றன; ஆதலின், அவற்றைச் சுற்றிக்காட்டும் ஒழுங்குகளும் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரையிலேயே அமைகின்றன. கோடையிற் சில வாரங்கள் உற்பத்தியை நிறுத்தித் தொழிலாளருக்கு விடுமுறை அளிப்பதும் உண்டு. எனவே தொழிற்சாலை செல்லும் நாட்களை முதலிற் குறித்து, அனுமதியை முன்கூட்டியே பெற்று, எஞ்சிய நாட்களையே கோட்டைகளுக்கு ஒதுக்குதல் வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் உள்ள மெர்சிடிஸ், போர்ஷே அரும்பொருட்சாலைகள் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். ஆகவே திங்கட்கிழமை தொழிற்சாலைக்கும், செவ்வாய்க்கிழமை அரும்பொருட்சாலைக்கும், சனி ஞாயிறு கோட்டைகளுக்கும் என வகுத்துக்கொண்டால் ஒருநாளும் வீணாகாது.

தொழிற்சாலையிற் காணத்தக்கவை யாவை? சுருளாக வரும் உருக்குத் தகடு பேரழுத்திகளின் கீழ்க் கதவாகவும் கூரையாகவும் வடிவுபெறும். பின்னர் இயந்திரக் கைகள் தீப்பொறி சிதற அவற்றை ஒட்டி உடலாக்கும். வர்ணம் பூசப்பட்ட உடல் மேலிருந்து இறங்க, எஞ்சினும் சக்கர அச்சுகளும் கீழிருந்து எழ, இரண்டும் ஓரிடத்திற் பொருத்தப்படும். இக்கட்டத்தை ஜேர்மன் தொழிலாளர் ‘திருமணம்’ என்றே அழைக்கின்றனர். பார்வையாளர் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருத்தலால் உறுதியான பாதணி வேண்டும். உற்பத்திக் கூடங்களுட் படம்பிடிக்க அனுமதி கிடைப்பதில்லை; சிறு பிள்ளைகளுக்கு வயதெல்லையும் உண்டு. மியூனிக்கில் உள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை குடியிருப்புகளின் நடுவே அமைந்தது. அதனருகே நான்கு உருளைகளைச் சேர்த்து நிறுத்தியதுபோல் தோன்றும் தலைமைப் பணிமனை 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக்குக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றர். இடையே சற்றுத் தெற்கு நோக்கி விலகினால், தனிமலையொன்றின் உச்சியில் ஹோஹென்சொல்லெர்ன் கோட்டையைக் காணலாம். கோபுரங்களைக் கண்டோர் அதனை இடைக்காலத்தது என எண்ணுவர். இன்றுள்ள கட்டடமோ 1850க்கும் 1867க்கும் இடையில் எழுந்தது. புகைவண்டிப் பாதைகள் நாடெங்கும் பரவிய காலம் அது.

நொய்ஷ்வான்ஸ்டைனின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. 1869இல் அடிக்கல் நாட்டப்பட்ட இக்கோட்டைக்கு உருவம் வரைந்தவர் நாடக மேடைகளுக்குத் திரை எழுதும் ஓவியரான கிறிஸ்ரியன் யாங்க். பழங்கதைகளிற் கண்ட வீரரின் உலகை மலைமேற் படைக்க விழைந்த மன்னன், அதற்கு நீராவியால் இயங்கும் பாரந்தூக்கியைப் பயன்படுத்தினான். சிம்மாசன மண்டபத்தை இரும்புச் சட்டங்கள் தாங்குகின்றன. வெப்பக்காற்றுக் குழாய்களும், குழாய்நீரும், மின்சார மணிகளும், தொலைபேசியும் உள்ளே பொருத்தப்பட்டன. பழமையின் கனவு இயந்திர யுகத்தின் கைகளாலேயே கட்டப்பட்டது. அக்கனவுக்கு மன்னன் பெருங்கடன் பட்டான். அவனது ஆட்சி பறிபோனதற்கு அக்கடனும் ஒரு காரணமாயிற்று. அவன் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. சிம்மாசன மண்டபத்திற் சிம்மாசனம் இல்லை. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனையும் அவனது ஏனைய மூன்று மாளிகைகளையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கூட்டம் மிகுதியாதலின், நேரங்குறித்த நுழைவுச்சீட்டை முன்னரே பெறுதல் நன்று. கார் மலையடிவாரம் வரையே செல்லும். அதன்மேல் நடந்தோ குதிரை வண்டியிலோ ஏறலாம்.

இலங்கையிலிருந்து செல்வோர் ஒன்றை மறத்தலாகாது. அங்கு வண்டிகள் வீதியின் வலப்பக்கத்திற் செல்கின்றன. ‘அவுட்டோபான்’ எனப்படும் பெருவீதியின் சில பகுதிகளில் வேக எல்லை இல்லை எனினும், மணிக்கு 130 கிலோமீற்றருக்கு மேற்படாதிருத்தலே பரிந்துரைக்கப்படுகின்றது. இடப்பக்கத் தடம் முந்திச் செல்வதற்கு மட்டுமே உரியது.

காலம் இடந்தருமாயின், வடக்கேயுள்ள வொல்ஃப்ஸ்பேர்க் நகரையும் காணல் வேண்டும். 1938இல் நாற்சிக் கட்சியினர் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்கு அங்கு அடிக்கல் நாட்டினர். போர்க்காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கு கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். சிறைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர். 1945இற் பிரித்தானியர் நிருவாகத்தின்போது, அருகிலிருந்த பழைய கோட்டையின் பெயரே நகருக்குச் சூட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சிநகரில், ஒவ்வொன்றும் 400 கார்கள் கொள்ளும் இரு கண்ணாடிக் கோபுரங்கள் ஒளிர்கின்றன. தொழிற்சாலையினுள்ளே, முன்னாள் விமானத்தாக்குதற் புகலிடமொன்றில், அக்கட்டாயத் தொழிலாளரின் நினைவிடம் 1999 முதல் உள்ளது.

கோபுரங்களைக் கண்டு களிப்போர் நினைவிடத்துக்கும் ஒரு மணிநேரத்தை ஒதுக்குதல் தகும். கோட்டையாயினும் தொழிற்சாலையாயினும், அதனைக் கட்டுவித்தோர் பெயர் வாயிலிலேயே தெரியும். கட்டியோரைத் தேடிச் சென்றே அறிதல் வேண்டும்.