குறி எங்கே வைப்பது?

வான்கோழி என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மூதுரைச் செய்யுள்தான் நினைவுக்கு வரும். மயிலைக் கண்டு தானும் ஆட முயன்ற அந்தப் பட்சியை அசட்டுத்தனத்துக்கு உவமையாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டையாடும் ஒருவரிடம் காட்டு வான்கோழியை அசடு என்று சொன்னால் அவர் நகைப்பார். விடியற்காலைக் குளிரில் மரத்தடியில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்து, வெறுங்கையுடன் வீடு திரும்பிய அனுபவம் அவருக்குப் பல உண்டு.

அப்பட்சியின் கண் அத்தனை கூர்மையானது. தலையைச் சற்றே திருப்பினால் போதும், சுற்றுமுற்றும் உள்ள யாவும் அதற்குப் புலனாகிவிடும். வேட்டைக்காரரின் விரல் அசைந்தால்கூடக் கண்டுகொண்டு ஓடிவிடும். ஆகையால் அதைத் தேடிப் போவதில் பயனில்லை. அதுவே நம்மை நாடி வரும்படி செய்யவேண்டும். வசந்த காலத்தில் சேவல்கள் பேடுகளை அழைத்து உரக்கக் கொக்கரிக்கும். வேட்டைக்காரர் பெரிய மரமொன்றில் முதுகைச் சாய்த்து அமர்ந்து, சிறு கருவியொன்றினால் பேட்டின் குரலை எழுப்புவார். அதை நம்பிச் சேவல் மெல்ல மெல்ல நெருங்கி வரும்.

வந்ததும் குறி எங்கே வைப்பது? இருபது ராத்தல் நிறையுள்ள பறவையாயிற்றே, உடம்பில் எங்கே சுட்டால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். அதுதான் பெரும் பிழை. இவ்வேட்டைக்கு உரிய துப்பாக்கி ஒற்றைக் குண்டைச் செலுத்துவதன்று. நூற்றுக்கணக்கான சிறு ரவைகளைக் கொத்தாக வீசுவது. அடர்ந்த இறகும் தடித்த மார்புச் சதையும் அந்த ரவைகளைத் தடுத்துவிடும். பறவை உடனே சாகாது. அதன் கால்கள் மிக வலியவை. காயத்துடன் புதருக்குள் ஓடி மறைந்து, யாருக்கும் உதவாமல் வேதனையுற்று மாளும்.

உடனே உயிர் போகும் இடம் தலையும் கழுத்தெலும்பும்தான். ஆயினும் தலைக்கு நேரே குறி வைப்பதும் சரியன்று. நடக்கும்போது தலை ஓயாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். பாதி ரவைகள் அதற்கு மேலே பறந்துவிடும். இறகு முடிந்து சிவந்த வெறுந்தோல் தொடங்கும் இடத்தை, அதாவது கழுத்தின் கீழ்ப்பாகத்தை நோக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் விதி. அங்கே குறி வைத்தால் ரவைக் கொத்து விரிந்து கழுத்தையும் தலையையும் ஒருங்கே தாக்கும்.

சேவல் தோகையை விரித்து ஆடும்போது கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது சுடலாகாது. வேட்டைக்காரர் வெடுக்கென்று ஒரு குரல் கொடுத்தால் அது ஆட்டத்தை நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பார்க்கும், அதுவே தருணம். தூரம் ஏறக்குறைய 40 கஜத்துக்கு மேற்பட்டால் பொதுவாகச் சுடுவதில்லை; ரவைகள் சிதறி வலுவிழந்துவிடும். மிக அருகில் வந்தாலோ கொத்து ஒரு கைப்பிடி அளவே இருக்குமாதலால் எளிதில் குறி தவறும். ஆகவே காட்டுக்குப் போகுமுன் காகிதத்தில் வான்கோழித் தலையை வரைந்து, பல தூரங்களிலிருந்து சுட்டு, தம் துப்பாக்கியின் இயல்பை அறிந்துகொள்கிறார்கள்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. புதருக்குள்ளிருந்து வரும் பேட்டின் குரல் வேறொரு வேட்டைக்காரருடையதாக இருக்கலாம். சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் உண்டு. எனவே அந்நிறத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட வெளியே காட்டக்கூடாது என்று புதியவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். முழுப் பறவையையும், அதன் மார்பில் தொங்கும் தாடியையும், அதற்குப் பின்னால் உள்ளதையும் தெளிவாகக் காணாமல் விசையில் விரல் வைக்கலாகாது.

இக்கட்டுப்பாடு இல்லாத காலமும் இருந்தது. காடுகளை அழித்து, கண்ட இடத்திலெல்லாம் சுட்டதன் பயனாக, மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் கடைசிக் காட்டு வான்கோழி 1851-ல் மாண்டது. பல மாகாணங்களில் இதே கதைதான். பின்னர் 1937-ல் ஒரு சட்டம் பிறந்தது. வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீது வாங்கும் வரி காட்டுயிர்களைக் காப்பதற்கே செலவாக வேண்டும் என்பது அதன் சாரம். காட்டு வான்கோழிகளை வலைவீசிப் பிடித்து, அவை அழிந்த இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1972, 1973-ம் ஆண்டுகளில் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்த 37 பறவைகளின் சந்ததி இன்று மாஸசூஸெட்ஸ் எங்கும் பல்லாயிரமாகப் பெருகியிருக்கிறது.

நம்மில் பலர் துப்பாக்கியைக் கையால் தொட்டதும் இல்லை, தொடப்போவதும் இல்லை. கொல்லாமையே சிறந்த அறம் என்று எண்ணும் குடும்பங்களும் பல. எனினும் இதில் நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. உயிரை எடுப்பதென்று முடிவு செய்தவனுக்கும் சில கடமைகள் உள்ளன: வேதனை இல்லாமல் எடுக்க வேண்டும், ஐயம் இருந்தால் விட்டுவிட வேண்டும், அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைக்க வேண்டும். குறி தெளிவாகப் படாதபோது துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு வீடு திரும்புகிறவரையே அந்நாட்டார் நல்ல வேட்டைக்காரர் என்று மதிக்கிறார்கள்.