வீட்டுக்கேற்ற ஏணி

ஆசிரியப் பெருமக்களை ஏணிக்கு ஒப்பிட்டுப் பேசாத விழா நம் கல்லூரியில் இல்லை. பிறரை ஏற்றிவிட்டுத் தான் அங்கேயே நிற்பது ஏணி என்று நானும் ஒருமுறை ஒலிபெருக்கி முன் நின்று பேசியிருக்கிறேன். ஆனால் ஏணி எப்போதும் அங்கேயே நிற்பதில்லை. சில வேளைகளில் சறுக்குகிறது. அது ஏன் சறுக்குகிறது, வீட்டுக்கு ஏணி வாங்குவோர் எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும் என்பவற்றை நான் படிக்கும் இயற்பியலைக் கொண்டு இங்கு கூற விழைகிறேன்.

எங்களுடையது ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட கான்கிரீட் வீடு. மாடிப்படி கட்டப் பணம் போதவில்லை. கைப்பிடிச் சுவரும் இல்லாத மொட்டை மாடிக்குப் போக 12 அடி மூங்கில் ஏணி ஒன்றே வழி. சென்ற ஐப்பசி மழையில் வேப்பஞ்சருகு குழாயை அடைத்து மாடியில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட என் தாயார் ஏறினார். ஏணியை வைத்துக் கொடுத்தவன் நான். நிமிர்த்தி வைத்தால் பின்புறம் சாய்ந்துவிடும், படுக்கச் சாய்த்தால் பயமில்லை என்று எண்ணி, சுவரிலிருந்து 6 அடி தள்ளி அதன் காலை ஊன்றினேன். மேலிருந்து இரண்டாம் படியில் அவர் கால் வைத்தபோது ஏணியின் அடி வழுக்கியது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தார். பூத்தொடுத்து விற்பது அவர் தொழில். அந்த ஆறு வாரமும் வீட்டில் நார் பிரிக்கப்படவில்லை. "என் காலுதான்யா தவறிடுச்சு, நீ என்ன பண்ணுவ" என்றே இன்றும் சொல்கிறார்.

அவர் கால் தவறவில்லை. இதே கணக்கை முதலாண்டில் நிலையியல் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். வினாத்தாளில் 'சீரான ஏணி ஒன்று சொரசொரப்பான தரையிலும் வழவழப்பான சுவரிலும் சாய்ந்துள்ளது' என்று இருந்தது. அது எங்கள் வீட்டு ஏணி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அக்கணக்கைச் சற்று விளக்குகிறேன். சாய்த்து வைத்த ஏணியில் ஆள் ஏறும்போது அதன் அடி வெளிப்புறம் நகர முயல்கிறது. அதைத் தடுப்பது தரையின் உராய்வு ஒன்றே. தாயாரின் எடை 50 கிலோ, ஏணியின் எடை 10 கிலோ, கூரை உயரம் 10 அடி, அடி தள்ளி நிற்கும் தூரம் 6 அடி என்று கொள்வோம். ஏணியின் அடியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்துப் பார்த்தால், அவர் உச்சியில் நிற்கும்போது ஏணி நகராதிருக்கத் தேவையான உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.55 என்று வருகிறது. அதே ஏணியை 2½ அடி தூரத்தில் ஊன்றியிருந்தால் 0.23 போதும். பாசி பிடித்த ஈரச் சிமெண்டுத் தரையில் 0.55 எங்கே கிடைக்கும்?

இக்கணக்கில் என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. ஆள் ஏற ஏறத் தேவைப்படும் உராய்வும் ஏறுகிறது. தாயார் ஏணியின் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் இருந்தபோது அதே 6 அடி தூரத்துக்கு 0.10 போதுமாக இருந்தது. ஆகவே முதற்படியில் ஏறி மிதித்துப் பார்த்து, 'ஆடவில்லை, சரி' என்று முடிவு செய்வதில் பொருளே இல்லை. கீழே ஒருவர் ஏணியைக் கையால் பிடித்துக்கொள்வதைவிட அடிப்படியில் ஏறி நிற்பது மேல். 60 கிலோ எடையுள்ள நான் அவ்வாறு நின்றிருந்தால் தரையின் எதிர்விசை இரட்டித்து, 0.55 என்பது ஏறத்தாழ 0.28 ஆகக் குறைந்திருக்கும். நானோ திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

நான்கடி உயரத்துக்கு ஓரடி தள்ளி வைப்பது என்பதே உலகெங்கும் வழங்கும் விதி. ஏணி அப்போது தரையுடன் சுமார் 76 பாகைக் கோணத்தில் நிற்கும். கொத்தனாராகிய என் சித்தப்பாவுக்குப் பாகை தெரியாது. அவர் ஏணியின் அடியில் கால்விரலை ஒட்டி வைத்து நிமிர்ந்து நின்று, கையைத் தோளுக்கு நேராக நீட்டுவார். உள்ளங்கை படியில் பட்டால் சரி. எட்டாவிட்டால் ஏணி மிகவும் படுத்திருக்கிறது என்று பொருள். டேன்ஜென்ட் அட்டவணையைவிட இது எளிது.

இனி, வாங்கும் செய்தி. முதலில் நீளம். கூரையின் விளிம்புக்கு மேல் ஏணி 3 அடியாவது நீண்டிருக்க வேண்டும். மாடியில் காலெடுத்து வைக்கும்போது பிடித்துக்கொள்ள அதுவே துணை. எங்கள் 10 அடிக் கூரையை எட்ட 10.3 அடி, மேலே 3 அடி, ஆக 13½ அடி வேண்டும். எங்கள் பழைய ஏணியோ 12 அடி. அதை நான் படுக்க வைத்தபோது கூரைக்கு மேல் நான்கு அங்குலமே நீண்டிருந்தது.

டவுன் கடையில் அலுமினிய மடக்கு ஏணி ஒன்றைக் காட்டினார்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்புக்கு 7.8. ஆகவே தூக்குவது எளிது. ஆனால் அதன் விறைப்பும் இரும்பினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். நல்ல ஏணியின் சட்டங்கள் அதனாலேயே அகலமாக இருக்கும். மெலிந்த சட்டம் நடுவில் தொய்யும். விரித்து நிறுத்தும் வகையை வாங்குவோர் இரு கால்களையும் இணைக்கும் தாங்கி முழுதும் நீண்டு பூட்டிக்கொள்கிறதா, படிகளின் ரிவெட்டு ஆடுகிறதா என்று பார்த்தல் வேண்டும். அதை மடித்தபடி சுவரில் சாய்க்கக் கூடாது. கால்கள் விளிம்பில்தான் ஊன்றும். அதன் உச்சியிலிருந்து மாடிக்குத் தாவுவதும் கூடாது. பக்கவாட்டு உதையை அது தாங்காது. பரணுக்கும் மின்விசிறிக்கும் அது நல்லது. மொட்டை மாடிக்கு ஆகாது.

அமெரிக்காவில் மடக்கு ஏணியைக் கூரையிலேயே பொருத்திவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்குச் சரிவுக் கூரைக்கும் உள்தளத்துக்கும் இடையே பரண் போன்ற இடம் உண்டு. கயிற்றை இழுத்தால் உள்தளத்தில் ஒரு கதவு இறங்கும். அதன் முதுகில் மூன்று துண்டாக மடிந்த ஏணி இருக்கும். கதவு இறங்கும்போது இழுபடும் சுருள்வில்கள், மூடும்போது அந்த ஆற்றலைத் திருப்பித் தந்து தூக்க உதவுகின்றன. திறப்பின் பொது அளவு 22½ அங்குலத்துக்கு 54 அங்குலம். ஒன்றரை அங்குலக் கனமுள்ள உத்தரக் கட்டைகளை 24 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்தால் மிஞ்சும் இடைவெளி அந்த 22½ என்பது எனக்குச் சுவையாயிருந்தது. நம் கான்கிரீட் தளத்தில் இது நடவாது. துளையிடக் கம்பியை அறுக்க வேண்டும். அறுத்தால் தளம் வலுவிழக்கும், மழையும் உள்ளே இறங்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. 230 வோல்ட் மின்சாரம் கொண்டுவரும் கம்பி மாடியின் மூலை வழியாகவே வருகிறது. நீண்ட உலோக ஏணியைத் தூக்கித் திருப்பும்போது அதில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே அலுமினியத்தையும், பட்டறையில் பற்றவைத்துத் தரும் இரும்பேணியையும் விலக்கினோம். உலர்ந்த மூங்கில் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. நனைந்த மூங்கிலை நம்ப முடியாது.

14 அடிக் கல்மூங்கில் இரண்டு எடுத்தோம். மூங்கிலில் உள்ள மாவுப்பொருளைத் தின்னவே வண்டு துளைக்கிறது. தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் அது கரைந்து குறையும். எனவே ஊறிய மூங்கிலா என்று கேட்டு வாங்க வேண்டும். தட்டினால் மெல்லிய மாவு உதிர்ந்தால் அது உளுத்தது, வேண்டாம்.

அடியில் பழைய டயர்த் துண்டைத் தைத்தோம். உராய்வு பரப்பைச் சார்ந்ததன்று என்று 1699இல் அமோன்டன் கூறியதைப் படித்திருக்கிறோம். ரப்பர் அவ்விதிக்கு முழுவதும் அடங்குவதில்லை. தளத்தின் விளிம்பில் இரும்பு வளையம் இரண்டு பதித்து, ஏணியின் தலையைக் கயிற்றால் கட்ட வழி செய்தவர் சித்தப்பா. பாசியைத் தேய்த்துக் கழுவியது என் வேலை.

தாயார் இப்போதும் மாடிக்கு ஏறுகிறார். ஏறுமுன் கால்விரலை ஒட்டி வைத்துக் கையை நீட்டிப் பார்க்கிறார். சித்தப்பாவைவிட அவர் ஓரடி குட்டை. இந்த அளவு அவருக்கு ஒத்துவருமா என்று ஐயுற்று நாடாவால் அளந்தேன். உயரம் குறைந்த அதே விகிதத்தில் கை நீளமும் குறைவதால் கோணம் மாறவில்லை. அளந்து முடிக்கும் வரை அவர் கையை நீட்டியபடியே நின்றிருந்தார். பிறகு என்னை அடிப்படியில் ஏறி நிற்கச் சொன்னார்.