உஷார்! தத்தெடுத்த நாயின் முதல் வார அமைதியை நம்பாதீர்கள்

காப்பகத்திலிருந்து கூட்டிவந்த நாய் மூலையில் சுருண்டு கிடக்கிறது. குரைப்பதில்லை, கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறது. ‘எவ்வளவு சாது!’ என்று வீடே பூரித்துப்போகிறது.

உஷார்! அது சாதுத்தனம் அல்ல, மிரட்சி. நாய்களை மீட்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: பயம் தணிய 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், ‘இது நம் வீடு’ என்று நம்ப 3 மாதம். அடிபட்டு வளர்ந்த நாய்க்கு இன்னும் அதிகமாகும். அதன் உண்மையான துடிப்பும் பயமும் கோபமும் தலைகாட்டுவது மிரட்சி விலகிய பிறகுதான். குடும்பம் அசந்திருக்கும் நேரமும் அதுவே.

கதவு திறந்தால் ஓட்டம்

சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கரிசல் காட்டில் முயல் விரட்டிய இனங்கள். பூனையோ பைக்கோ ஓடுவதைக் கண்டால், நீங்கள் கூப்பிடுவது அவற்றின் காதில் விழாது. ஒடுங்கிய தலை என்பதால் சாதாரண பெல்ட்டை நொடியில் உருவிக்கொள்ளும். நெஞ்சைச் சுற்றும் ஹார்னஸையும் சேர்த்து மாட்டி, இரண்டிலும் கயிறு போடுங்கள். உங்கள் போன் நம்பர் பொறித்த வில்லை முதல் நாளே கழுத்தில் தொங்கட்டும். தீபாவளி நெருங்குகிறதா? தத்தெடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஒரு சரவெடி போதும், வழி தெரியாத ஊரில் அது ஓடித் தொலைந்துபோக.

உறுமலை அடக்காதீர்கள்

சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுப் ‘பழக்குவது’ விபரீதம். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். சாப்பாட்டைத் தனி இடத்தில் வையுங்கள். தூங்கும் நாயைத் தொடவோ கட்டிப்பிடிக்கவோ குழந்தைகளை விடாதீர்கள். நாயையும் குழந்தையையும் ஒரே அறையில் விட்டுவிட்டு, பால் பொங்குகிறதே என்றுகூட எழுந்து போகாதீர்கள். திடீரென்று முரண்டு பிடித்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலியும் மூட்டுவலியும் சாதுவான நாயைக்கூடக் கடிக்க வைக்கும்.

கட்டிப்போட்டால் அடங்காது

துறுதுறுப்பான நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் வெறிதான் ஏறும். வெயிலுக்கு முன் காலையிலும், தரை சூடு ஆறிய பின் மாலையிலும் நடக்க வையுங்கள். வழியில் ஆசைதீர மோப்பம் பிடிக்கட்டும். உணவை வீட்டுக்குள் ஆங்காங்கே ஒளித்துவைத்துத் தேட விடுங்கள். தனிமையைச் சில நிமிடங்களில் தொடங்கிச் சிறுகச் சிறுகப் பழக்குங்கள்.

கடித்துவிட்டால்

சின்னக் கீறல்தானே என்று இருக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

முந்தைய வீட்டார் ஏன் விட்டார்கள்? யாரையாவது கடித்திருக்கிறதா? குழந்தை, பூனை, இடிச்சத்தம் என்றால் என்ன செய்யும்? சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாமா? வீட்டார் எல்லோரும் நேரில் போய்ப் பாருங்கள், ஒரு முறையோடு நிறுத்தாதீர்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சமாளிக்க முடியவில்லை என்றால் காப்பகத்துக்கும் பயிற்சியாளருக்கும் உடனே சொல்லுங்கள். தெருவில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பசி தாகத்தில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய பாதகம், ஒவ்வொரு முறை கைவிடப்படும்போதும் அந்த நாய் மனிதர்களை இன்னும் கொஞ்சம் நம்பாமல் போவதுதான். அடுத்த 3 மாதம் அதற்காக நேரம் ஒதுக்க வீட்டில் ஆள் இல்லையா? இப்போது தத்தெடுக்காதீர்கள்.