மேற்குப் புறநகரின் தர்மசாலைகள் – 7
முகப்பேரில் வாடகைக்கு ஒரு வீடு

அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையை ஒட்டி 1966-இல் எழுந்த ஸர் ஐவன் ஸ்டெட்போர்டு மருத்துவமனையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, ஒரு தொழிற்குடும்பத்தின் செல்வம் ஊராருக்கு வைத்தியமாக மாறிய விதத்தைக் கண்டோம். அத்தகைய மூலதனம் எதுவும் முதுகுக்குப் பின்னால் இல்லாமல், பிறர் மனமுவந்து அளிக்கும் சிறிதும் பெரிதுமான தொகைகளை நம்பியே பிறந்து வளர்ந்த ஒரு ஸ்தாபனத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். அம்பத்தூர் மண்டலத்தைச் சேர்ந்த முகப்பேரில் 'அடைக்கலம்' என்ற இல்லத்தை நடத்திவரும் 'தி பான்யன்' என்ற அமைப்பே அது.

வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம் பெண்கள், சித்தம் கலங்கிக் கந்தலுடன் சென்னை வீதியில் நின்ற ஒரு பெண்மணியைக் கண்டு, அவளை எங்கேயாவது சேர்த்துவிட வேண்டும் என்று அலைந்து, சேர்த்துக்கொள்ளும் இடம் கிடைக்காமற்போகவே, தாங்களே ஓர் இடத்தை உண்டாக்குவது என்று 1993-இல் துணிந்தார்கள். இந்நகரில் மனநோய்க்கு வைத்தியசாலை இல்லாமலில்லை. கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையின் சரித்திரம் 1794 வரை பின்னோக்கிச் செல்கிறது. ஆனால் வீடும் நோயும் ஒருசேரக் கைவிட்ட பெண்ணுக்கு, கையைப் பிடித்து அழைத்துவரவும், குணமான பின் திரும்ப அழைத்துப் போகவும் ஒருவர் வேண்டுமே! அந்த ஒருவராக இருக்க முன்வந்ததுதான் பான்யனின் விசேஷம். அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டபோதுதான், இத்தகையவர்களை நாம் எங்கே, எப்படி வைத்திருந்தோம் என்பது தேசத்துக்கே உறைத்தது.

இனி நன்கொடையின் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையின் பிறந்தநாளுக்கும், தாய் தந்தையரின் திதிக்கும், அறுபதாம் கல்யாணத்துக்கும் ஏதேனும் ஓர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது நம் புறநகர்க் குடும்பங்களில் ஊறிப்போன நல்ல வழக்கம்; பசித்த வயிற்றுக்குச் சோறிடுவதைக் குறைவாகப் பேச எனக்கு நாவெழாது. என்றாலும், வீதியிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண்ணின் பாதையைச் சற்றே தொடர்ந்து பாருங்கள். வந்த அன்று அவளைக் குளிப்பாட்டி, தலைச்சிக்கை எடுத்து, புண்ணுக்கு மருந்திடப் பொறுமையுள்ள கைகள் வேண்டும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மருந்து உள்ளே சென்ற பிறகே பெயர் வெளிவருகிறது. பெயருக்குப் பின் ஒரு கோயில், ஓர் ஆறு, ஒரு ரயில் நிலையம் என்று துண்டு துண்டாக ஊர் வெளிவருகிறது. அவள் பேசுவது வங்காளமா, போஜ்புரியா என்று கண்டு, அந்த மொழி அறிந்தவரைத் தேடிப் பிடித்து, பல நாட்கள் விசாரித்துக் கிராமத்தை நிச்சயித்த பின், துணைக்கு ஆளை அனுப்பி, இரண்டு மூன்று நாள் ரயில் பிரயாணம் செய்து வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததோடு முடிந்ததா என்றால், இல்லை. மாத்திரை நின்றால் நோய் திரும்பும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிச் சொல்லிப் புரியவைத்து, மருந்து கிடைப்பதற்கும் வழிசெய்தால்தான் அவ்வளவு பாடும் நிலைக்கும். இந்தக் காரியங்களில் எதற்கும் நம் வழக்கத்தில் திதி இல்லை, பிறந்தநாள் இல்லை.

ஆகையினால் இத்தகைய ஸ்தாபனம் பலவகை வருவாயை நாட வேண்டியிருக்கிறது. திரைப்பட இயக்குநர் மணிரத்னம் முன்னின்று நடத்திய 'நேற்று, இன்று, நாளை' என்ற மேடை நிகழ்ச்சி பான்யனுக்காகவே நடந்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென விதித்த பிறகு, அந்த வழியும் தர்ம ஸ்தாபனங்களுக்குத் திறந்தது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் திட்டத்தோடும் காலவரையறையோடும் கட்டுண்டு வருவது; தொடர்ந்து நடைபெறும் திட்டத்துக்குக்கூடத் தொடங்கிய வருஷம் நீங்கலாக மூன்று வருஷமே எல்லை. வருமான வரி விதியோ, ஓர் அறக்கட்டளை தன் வருவாயில் நூற்றுக்கு 85 பங்கைப் பொதுவாக அந்த ஆண்டிலேயே செலவிட வேண்டும் என்கிறது. கணக்கு ஒழுங்குக்கு இவையெல்லாம் அவசியமே. எனினும் மனச்சிதைவு நோய் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிற வியாதியல்ல.

போக வீடே இல்லாதவர்கள், வீட்டார் ஏற்க மறுத்தவர்கள், ஊர் நினைவே திரும்பாதவர்கள் என்று பலர் குணமான பின்னும் இல்லத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது எல்லா மனநல நிலையங்களுக்கும் பொதுவான துயரம். இதற்குப் பான்யன் கண்ட மார்க்கம் மிக எளிமையானது. எளிமையானதாலேயே என் உள்ளத்தை அது வெகுவாகக் கவர்ந்தது. 2015 முதல், சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பெண்களை ஒரு குடும்பம் போலக் குடிவைத்து, அப்பகுதியிலிருந்தே ஒரு துணையாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். காலையில் யார் சமைப்பது, எந்தக் காய் வாங்குவது, வேலைக்குப் போவதா வேண்டாமா, பொங்கலுக்கு என்ன நிறத்தில் புடவை எடுப்பது என்பதையெல்லாம் அப்பெண்களே தீர்மானிக்கிறார்கள். பல ஆண்டுகள் மணியடித்தால் எழுந்து, தட்டை நீட்டினால் உண்டு பழகிய ஒருத்தி, அடுக்களையில் நின்று 'இன்றைக்கு ரசம் போதும்' என்று சொல்வதற்கு உள்ள மதிப்பை எந்த வைத்தியக் குறிப்பேட்டில் எழுதுவது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடும்பம் இல்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கலாகாது என்று பின்னர் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சமுதாய மனநல சேவைகள் குறித்து வெளியிட்ட வழிகாட்டு நூலில், 'ஹோம் அகெய்ன்' என்ற இந்த ஏற்பாட்டைச் சென்னையின் பெயரோடு எடுத்துக்காட்டாக வைத்தது.

இந்த வீட்டின் செலவுக் கணக்கில் என்ன இருக்கும்? முன்பணம் இருக்கும், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுங்கால வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். மாத வாடகை, மின்கட்டணம், சிலிண்டர், மளிகை, மாத்திரை, துணையாளரின் சம்பளம் ஆகியவை இருக்கும். நன்கொடையாளரில் பலர், 'நான் கொடுப்பது சம்பளத்துக்குப் போகக்கூடாது, நேரே ஏழைகளுக்கே சேர வேண்டும்' என்று நிபந்தனை இடுகிறார்கள். அவர்கள் எண்ணம் சுத்தமானது. ஆயினும் இரவில் உறக்கமின்றிப் புலம்புகிறவளின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அந்தத் துணையாளரின் சம்பளம்தான் இங்கே ஏழைக்கு நேரே சேரும் பணம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆகவே, மேற்குப் புறநகரில் எந்த இல்லத்துக்கு நீங்கள் பணம் அனுப்பினாலும், இயன்றால் அதில் ஒரு பகுதியையாவது பொது நிதிக்கென்று குறிப்பிட்டு அனுப்புங்கள்; ஒரே தவணையாக இன்றி மாதந்தோறும் அனுப்பினால், வாடகை நாளன்று கவலைப்படுகிறவர்களுக்கு அது பேருதவி.

அடுத்த வாரம் திருவேற்காட்டுக்குச் செல்வோம். வித்யாகர் 1983-இல் தொடங்கிய 'உதவும் கரங்கள்' அங்கே நிராதரவானவர்களுக்காக வளர்த்திருக்கும் இல்லத்தையும் பள்ளியையும் பார்ப்போம்.

(தொடரும்)